கறுப்புக்குள் போட்ட கோடு

புற்றுநோய்ப் பிரிவின் எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்கு நான் இயற்பியலாளர். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டாருக்கு இன்றுவரை 'ஸ்கேன் எடுக்கிற பிள்ளை'. உண்மையில் நான் படம் எடுப்பதில்லை. படம் பொய் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. கட்டி எங்கே முடிகிறது என்று டொக்டர் அந்தப் படத்தில் கோடு போடுவார். கதிர் அந்தக் கோட்டுக்குள்தான் பாயும். படம் பிசகினால் கதிரும் பிசகும். இரண்டு பேர் பார்த்த வேலை. மற்றவர் அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பொறாமைதான் வந்தது.

அன்று வந்த அம்மா வன்னியைச் சேர்ந்தவர், சிகிச்சைக்காக வெள்ளவத்தையில் மகளோடு தங்கியிருந்தார். கருப்பைக் கழுத்தில் புற்றுநோய். உடம்புக்குள் உலோகம் ஏதும் உண்டா என்ற கேள்விக்கு, மூன்று மொழியில் அச்சடித்த தாளில் 'இல்லை' என்று அடையாளமிட்டிருந்தார். நானும் ஒருமுறை கேட்டேன். "ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றார்.

முதல் படத்திலேயே இடுப்பின் இடப்பக்கம் தேசிக்காய் அளவில் ஒரு கறுப்பு. உலோகம் இருந்தால் படம் அப்படித்தான் கறுக்கும்; எங்கள் புத்தி உடனே சேப்டி பின்னுக்குத்தான் போகும். நம் பெண்கள் தாலிக்கொடியில், பாவாடை நாடாவில், எங்கெல்லாமோ ஒன்றைக் குத்தி வைத்திருப்பார்கள். அவரை வெளியே எடுத்து, சட்டை மாற்றச் சொல்லி, மறுபடியும் படுக்க வைத்தோம். "மிஸ், ஆயெத் ஏகமய்" என்றார் ரேடியோகிராபர் சிங்களத்தில். திரும்பவும் அதே கறுப்பு. ஆஸ்பத்திரிச் சட்டையின் மடிப்புகளை நானே தடவிப் பார்த்தபோதுதான் அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"இடுப்புக்குள்ளை ஒரு ஷெல் துண்டு கிடக்குப் பிள்ளை."

எம்.ஆர்.ஐ. இயந்திரமே ஒரு பெரிய காந்தம். காந்தம் அதை இழுத்திருந்தால்? எனக்குப் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். "முதலே சொல்லியிருந்தா இவ்வளவு கரைச்சல் இல்லையே அம்மா! கேட்டனான்தானே!" என்று நடைபாதைக்கே கேட்கக் கத்தினேன்.

"காயம் இருக்கோ எண்டு ஆர் கேட்டாலும் இல்லை எண்டு சொல்லித்தான் பழக்கம்" என்றார். "எடுக்கப் போனா எங்கை பட்டது, இயக்கத்திலை இருந்தனியோ எண்டு ஆமி கேக்கும். அதாலை எடுக்கவுமில்லை."

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். துண்டு எலும்பில் இறுகிக் கிடந்தது. அசையாது என்று உறுதி செய்துகொண்டோம். அடுத்த கிழமை அவரைத் திரும்பக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். படத்தை மெல்லிய அடுக்குகளாக்கி, நேரத்தைக் கூட்டி, முக்கால் மணித்தியாலம். அந்த மனுஷி இம்மியும் அசையவில்லை. கறுப்பு சுருங்கியது. ஆனால் கட்டியின் இடது விளிம்பு அதற்குள்ளேயே கிடந்தது.

"இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று டொக்டர் கேட்டார்.

"தெரியாது டொக்டர்."

அவர் கறுப்புக்குள் உத்தேசமாக ஒரு கோடு போட்டார். இன்னும் அகலமாகப் போட்டால் குடல் வெந்துபோகும். நான் கையெழுத்து வைத்தேன். வேறு வழி இருக்கவில்லை.

அடுத்த வருஷம் நோய் திரும்பியது. இடது பக்கம், அந்தக் கோட்டுக்குச் சற்று வெளியே. அதே இடத்தில் இனிக் கரண்ட் பிடிக்க இயலாது, இன்னொரு முறை கதிரைக் குடல் தாங்காது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மா மகளை வெளியே வாங்கில் இருத்திவிட்டுத் தனியாக என் அறைக்கு வந்தார்.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ பிள்ளை. நான் முதலே சொல்லியிருந்தா நீங்கள் படத்தை வடிவா எடுத்திருப்பீங்கள்."

அவர் சொல்லியிருந்தாலும் கறுப்பு கறுப்பாகத்தான் இருந்திருக்கும். நான் கத்தியது அவர் உயிருக்குப் பயந்து. படம் கெட்டதற்காக அல்ல. அதை அவரிடம் சொன்னேன். பழைய படங்களைத் திறந்து, இது நீங்கள் சொல்லமுதல் எடுத்தது, இது சொன்ன பிறகு எடுத்தது, இரண்டிலும் விளிம்பு இல்லை, பாருங்கள் என்று காட்டினேன். பிள்ளைக்குச் சமாதானம் சொல்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"மகளுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். "அம்மா பொய் சொல்லித்தான் இப்பிடி ஆச்சு எண்டு அவள் நினைக்கப்படாது."

சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வாக்கைக் கொடுத்ததாலேயே பிழை அவருடையதுதான் என்று நானும் ஒத்துக்கொண்டுவிட்டேன் என்பது, அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு லிஃப்டுக்குள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.