நீல ஒயர் கட்டிய செருப்பு

எண்பதுகளின் கடைசியில் நான் கிருஷ்ணகிரியில் ஒரு வாரப் பத்திரிகையின் நிருபர். ஓசூரில் தலைமை அலுவலகமும் தொழிற்சாலையும் ஒரே வளாகத்தில் வைத்திருந்த பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று எனக்குக் கடிதம் அனுப்பியது. அவர்களைப் பற்றி நான் எழுதியதையெல்லாம் நேரில் வந்து பார்த்துச் சரிசெய்துகொள்ளும்படி மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்கள். அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் எழுதியது இதுதான். அங்கே ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் கூடத்தில் புகையை இழுக்கும் விசிறி ஒரு வருஷமாக ஓடவில்லை. பெண்கள் நாளெல்லாம் அந்தப் புகைமேல் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்திக்கு இடது கண் மங்கிவிட்டது.

இதை எனக்குச் சொன்னவளே அந்த ஒருத்திதான். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ஊர். அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்கிறவர்கள். அந்த வீட்டில் கம்பெனி பஸ் ஏறிய முதல் ஆள் அவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கிளம்பும்போது, "எம்பேரு மட்டும் வெளிய வந்துடக் கூடாதுண்ணா. இந்த வேல போச்சுன்னா மறுபடி களையெடுக்கத்தான் போவணும்" என்றாள். சத்தியமாக வராது என்றேன். வாசலில் அவள் மாட்டிக்கொண்ட செருப்பில் அறுந்த வாரை நீல ஒயரால் முறுக்கிக் கட்டியிருந்தாள். நான் சிரித்ததைப் பார்த்து, "குப்பையில கூட்டித் தள்ற ஒயருண்ணா. ஊக்கு குத்துனா ரெண்டு நாளு தாங்கறதில்ல, இது தாங்குது" என்று அவளும் சிரித்தாள்.

கம்பெனியில் பர்சனல் மேனேஜர் எனக்குக் காப்பி கொடுத்து, தானே கூட்டிக்கொண்டு போனார். கூடத்துக்குள் தூசி போகக் கூடாது என்பதால் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கம்பெனி கொடுக்கும் வெள்ளை கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு போக வேண்டும். செருப்பு வைக்க மர அடுக்கு, அதில் ஆளுக்கொரு நம்பர் போட்ட அறை. நானும் மாற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

விசிறி பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. புதுப் பெயிண்ட் வாசனை கூட இன்னும் போகவில்லை. பெண்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. அவள் அங்கே இல்லை.

"கண்ணு போச்சுன்னு எழுதியிருந்தீங்களே சார், அந்தப் பொண்ணக் காட்டுங்க" என்றார் மேனேஜர். "மொத்தப் பேரும் இங்கதான் இருக்காங்க. அப்படி ஒருத்தி எங்க கம்பெனியிலயே இல்ல. யாரோ உங்களுக்கு நல்லா கதை சொல்லியிருக்காங்க."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறானே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஷூவைக் கழற்றக் குனிந்தபோதுதான் மர அடுக்கைச் சரியாகப் பார்த்தேன். ஒரு அறைகூடக் காலியில்லை. உள்ளே ஏழெட்டு நாற்காலி காலியாக இருந்ததே! இரண்டாம் வரிசையில் நீல ஒயர் தெரிந்தது.

அந்தச் செருப்பைக் கையில் எடுத்து மேனேஜர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இது அவ செருப்பு! செருப்பு இங்க இருக்கு, அவ எங்க? எந்த ரூம்ல அடைச்சு வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். பிடித்துவிட்டேன் என்ற பெருமிதம் வேறு எனக்கு.

மேனேஜருக்குக் கோபமே வரவில்லை. அடுக்கில் அந்தச் செருப்பு இருந்த அறையின் நம்பரைப் பார்த்தார். பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றார்.

பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கண் சிவந்திருந்த பெண்களையெல்லாம் காலையிலேயே ஸ்டோருக்கு அனுப்பி ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அவர்களில் என்னிடம் பேசியவள் யார் என்பது அவர்களுக்கு அதுவரை தெரியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானல்ல.

மறுநாளே அவளை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக்காரனிடம் பேசினாள் என்று சொல்லியிருந்தால்கூட ஆண்மை என்று ஒப்புக்கொண்டிருப்பேன். கம்பெனிப் பொருளைத் திருடினாளாம். இரண்டு விரல் நீள ஒயர், அதுவும் குப்பை! செருப்பைச் சாட்சியாக அவர்களே வைத்துக்கொண்டார்கள். வெறுங்காலோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இதையும் எழுதினேன், பெரிய எழுத்தில் வந்தது. ஒரு பதிலும் வரவில்லை.

அடுத்த வாரம் அவள் ஊருக்குப் போனேன். ராகிக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்தாள். வரப்பில் போய் நின்றேன். அவள்தான் இடது கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"பேப்பர்ல எம்பேரு எங்கயுமே வரலண்ணா. படிக்கச் சொல்லிக் கேட்டன். சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க."

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே சொன்னாள். செருப்பைக் காட்டிக்கொடுத்தது யார் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.