ஒருக்கா

போன வெள்ளிக்கிழமை கோயிலில் தீபம் காட்டினார்கள். எல்லோருடைய கைகளும் தலைக்கு மேலே போயின. எனக்கு முன்னால் நின்றவருக்கு மட்டும் ஒரு கைதான் போனது. இடது கை. வலது கை நெஞ்சு வரை வந்து அங்கேயே நின்றுவிட்டது — நாலாம் மாடிக்குப் போகவேண்டிய லிஃப்ட் இரண்டாம் மாடியில் மாட்டிக்கொண்ட மாதிரி.

முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. தாசன். அந்தக் கையைப் பழுதாக்கியவன் நான்.

அடிதடி என்று நினைக்காதீர்கள். என் உடம்புக்கு அதெல்லாம்... பேஸ்பால்.

சுவிஸின் ஃப்ரிபூர்க்கில் ஒரு யாழ்ப்பாணத்தானுக்கு பேஸ்பாலில் என்ன வேலை? நியாயமான கேள்வி. மகள் ஒரு கிளப்பில் சேர்ந்தாள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். பாதிக் கூட்டம் பிரெஞ்சில், மீதி ஜெர்மனில். இரண்டு மொழியிலும் எனக்குப் பாதி புரியும். அன்று இரண்டிலும் புரியாத பாதிகளாகவே வந்து சேர்ந்தன. யாரோ என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்கள். மரியாதைக்குத் தலையை ஆட்டினேன் — ஓமும் இல்லாத, இல்லையும் இல்லாத நம்முடைய அந்தத் தலையாட்டல். கை தட்டினார்கள். பெரியவர்கள் அணிக்கு நான் மேனேஜர். மகள் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டாள். நான் மாட்டிக்கொண்டேன்.

"வீட்டில ஒரு பல்ப் மாத்தத் தெரியாது. அங்க போய் ஆள் மாத்தப் போறியளோ?" என்றாள் மனைவி.

ஆள் மாற்றுவதுதான் முக்கியமான வேலை. பந்து எறிகிறவர் களைத்துப்போனால், மேனேஜர் மைதானத்தின் நடுவே நடந்து போய் பந்தை வாங்கி அடுத்தவரிடம் கொடுக்கவேண்டும். அந்த அடுத்தவர்தான் ரிலீஃப் பிட்சர். எங்களிடம் மூன்று பேர் இருந்தார்கள். நான் ஒருவரையே கூப்பிட்டேன். தாசன் எறிந்தால் எனக்கு நெஞ்சு படபடக்காது. ரிலீஃப் யாருக்கு என்று இப்போதுதான் தெரிகிறது.

அவரை அணிக்குக் கூட்டிவந்ததும் நானே. அவருக்கு வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. ஊரில் பள்ளிக்கூடக் கிரிக்கெட்டில் அவர் பந்து போட்டால் அம்பயர் 'நோ பால்' என்பாராம் — கையை மடக்கி எறிகிறார் என்று. ஒரே சீசனில் நிறுத்திவிட்டார்கள். பேஸ்பாலைப் பற்றிச் சொன்னதும் கேட்டார்:

"எறியிறது குற்றமில்லையெண்டு ஒரு விளையாட்டு இருக்கோ, அண்ணை?"

நாற்பத்திரண்டு வயது முகத்தில் பதினாறு வயது வந்து போனது.

அதனால்தான் அவர் ஒருநாளும் மாட்டேன் என்றதில்லை. நானும் ஒருநாளும் "எறியும்" என்று கட்டளையிட்டதில்லை. "தாசன், ஒருக்கா வாரும்" என்பேன். ஒருக்கா என்றால் ஒரே ஒரு தடவை. எங்கள் பேச்சில் இதைவிடப் பெரிய பொய் கிடையாது. ஒருக்கா இந்தக் கடிதத்தை வாசியுங்கோ, ஒருக்கா கலியாண மண்டபத்தில கதிரை அடுக்க வாங்கோ... ஓம் மட்டுமே சொல்லத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார். அவரைச் சுற்றி நாங்கள் இருப்போம்.

சனிக்கிழமை ஒருக்கா. ஞாயிறு காலை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. இடையில், எதற்கும் தயாராக இருக்கட்டும் என்று ஓரத்தில் முப்பது பந்து எறிந்து கையைச் சூடாக்கச் சொல்வேன். பிறகு கூப்பிடவே மாட்டேன். ஸ்கோர் புத்தகத்தின்படி அன்று அவர் ஒரு பந்தும் எறியவில்லை. தோளுக்கு வாசிக்கத் தெரியுமா? திங்கட்கிழமை அதே தோள்தான் யாரோ வீட்டுச் சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்கும்.

கடைசி மேட்ச். கோப்பைக்கா? இல்லை. ஐந்தாவது இடமா, ஆறாவது இடமா என்பதற்கு.

"அண்ணை, தோள் கொஞ்சம் கதைக்குது."

"என்ன கதைக்குது?"

"இண்டைக்கு விடச்சொல்லிக் கேக்குது."

சிரித்தார். நானும் சிரித்தேன். மற்ற இருவரும் பெஞ்சில் சும்மாதான் இருந்தார்கள்.

"ஒருக்கா," என்றேன்.

நாலாவது பந்து. அவர் கத்தவில்லை, விழவில்லை. பந்து மட்டும் பாதி வழியில் விழுந்து உருண்டது. போய் இடது கையால் எடுத்தார். நான் நடந்து போவதற்குள் அவரே வந்து என்னிடம் கொடுத்தார்.

"வேற ஆளைப் போடுங்கோ, அண்ணை. குறை நினைக்காதேங்கோ."

வேறு ஆளைப் போட்டேன். அவர் நன்றாகவே எறிந்தார். அதைத்தான் இன்றுவரை தாங்கமுடியவில்லை.

ஐந்தாவது இடம் வந்தோம்.

ஒப்பரேஷன் செய்தும் கை மேலே போகவில்லை. தாசன் இப்போது தோளுக்குக் கீழே உள்ள சுவரை மட்டும் அடிக்கிறார். மேல் பாதிக்கு வேறொருவர் வருகிறார். நான் மேனேஜர் வேலையை விட்டுவிட்டேன் — பெரிய தியாகம் போல.

கோயிலுக்கு வருவோம். அடுத்த தீபம் முருகனுக்கு. எங்காவது ஒதுங்கலாம் என்று பார்த்தேன். எங்கள் கோயில் பழைய தொழிற்சாலைக் கட்டடம். ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூட இல்லை. தாசன் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணை, பின்னுக்குப் பின்னுக்குப் போறியள்?"

"இல்லை... காத்து வரட்டுமெண்டு."

"இஞ்ச வாங்கோ." குரலைத் தாழ்த்தினார். "ஒருக்கா இந்தக் கையைத் தூக்கிவிடுங்கோ."

இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் ஒருக்கா.

முழங்கையின் கீழ் பிடித்து மெல்லத் தூக்கினேன். தோள் உயரத்தில் அவர் முகம் சுருங்கியது.

"காணுமோ?"

"இன்னும் கொஞ்சம்."

தலைக்கு மேலே ஒரு மாதிரிப் போய்ச் சேர்ந்தது. இடது கை வந்து தொட்டது. மணி அடித்தது. எல்லோரும் கும்பிட்டார்கள். எனக்குக் கும்பிடக் கை இல்லை; இரண்டும் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தன.

மணி நிற்கவே இல்லை. என் தோள் கதைக்கத் தொடங்கியது.

ஆள் மாற்றவில்லை.