முனியாண்டிக்கு வைத்த இரும்பு

முழங்கை நீளம். துரு தின்றது போக மிச்சம். ஒரு முனையில் கைப்பிடி செருகக் குழல். அந்த இரும்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஜப்பான்காரன் காலத்தில், கோப்பெங்குக்குத் தெற்கே எங்கள் ரப்பர் தோட்டத்தில், பால்மரங்களை வெட்டிச் சாய்த்த இடத்தில் மரவள்ளி நட அண்ணனும் நானும் மண்ணைக் கொத்தியபோது, கற்பலகைகளுக்கு நடுவிலிருந்து வந்தது. கூடவே நீல மணிகள். பக்கத்தில் கனமான கருங்கட்டிகள்.

யாரோ பழங்காலத்து மனிதரின் சமாதி என்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. மணிகளைத் தொடவிடவில்லை. பலகைகளைப் பழையபடி மூடி, மண் தள்ளி மட்டம் செய்தார். இரும்பை மட்டும் கொண்டுவந்தார். முனியாண்டி சாமி தன் அரிவாளைத் தானே மேலே அனுப்பியிருக்கிறார் என்று கூலிக்காரர்கள் குடியிருந்த லயமே நம்பியது. அண்ணன் அதற்குக் கைப்பிடி செதுக்கிச் செருகி, சந்தனம் பூசி, சாமி கல்லின் முன்னால் நட்டார். அரிவாள்மனையைக்கூட ஜப்பான்காரன் வாரிக்கொண்டு போயிருந்த நேரத்தில் எங்கள் புத்தி எங்கே போயிற்றோ.

தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி ஒருவர் இருந்தார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனதும் பங்களாவில் ஏறி உட்கார்ந்தவர். ஜப்பான் சிப்பாயைக் கண்டால் இடுப்பு ஒடிய வளைவார்; எங்களைக் கண்டால் நிமிர்ந்துவிடுவார். ஜப்பான்காரன் போட்ட சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவர் வேலை. ஆள் குறைந்தால் அவருடைய மைத்துனனே போகவேண்டி வரும். சாமி முன்னால் நின்ற இரும்பை ஒருநாள் குனிந்து உற்றுப் பார்த்தார். மறுநாள் சிப்பாய்களோடு வந்து, "ஆயுதம் பதுக்கி வெச்சிருக்கான்" என்று அண்ணனைக் காட்டினார். இரும்பும் அண்ணனும் ஒரே லாரியில் போனார்கள். சயாமிலிருந்து அண்ணன் திரும்பவில்லை.

"கிராணிக்கு என்ன தெரியும், நெசமாவே அருவான்னு நெனைச்சிருப்பாரு" என்று அம்மா சொல்வாள். அப்படித்தான் இருக்கும் என்று நானும் மனதை ஆற்றிக்கொண்டேன்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பினான். கிராணியும் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். ஒருநாள் ஈப்போவிலிருந்து ஒரு துரையைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார்.

"அந்தக் கல்லுப் பலகை இருந்த எடத்தக் காட்டும்மா. தொரை தோண்டிப் பாக்கணுமாம். ஆயிரம் வருசத்துக்கு மேல பழசு. அங்கயே இரும்பு உருக்கிக் குடியிருந்திருக்காங்க. இதே மாதிரி ஒன்னு நம்ம பழைய தொரை ஆபீஸ்ல வெச்சிருந்தாரு. முனியாண்டிகிட்ட பாத்த ஒடனே எனக்குத் தெரிஞ்சிபோச்சிலா."

பெருமையாகத்தான் சொன்னார். தன் வாயாலேயே என்ன சொல்லிவிட்டோம் என்பது அந்த ஆளுக்கு உறைக்கவில்லை.

"எடம் எங்கண்ணனுக்குத்தான் தெரியும். சயாம்ல இருக்காரு. நீங்கதானே அனுப்புனீங்க, நீங்களே போயி கூட்டியாங்க" என்றேன்.

நான் என்ன சொல்கிறேன் என்று துரை கேட்டார். கிராணி அவசரமாக அவரை வாசலைவிட்டுக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

இப்போது அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. எந்த மர நிரையின் அடியில் என்று எனக்கு நன்றாகத் தெரியும். படித்த பிள்ளைகள் வந்து கேட்டுவிட்டுப் போகிறார்கள். சொல்ல மாட்டேன். அண்ணன் மூடியது மூடியபடியே கிடக்கட்டும்.