சைக்கிள் இருக்கிறது, ஆள் இல்லை

சின்னம்மா நாட்டின் இன்னொரு மூலையில் இருக்கும் கோத்தா பாருவிலிருந்து தன்னந்தனியாகச் சைக்கிளிலேயே வீட்டுக்கு வரப்போகிறாள் என்று தெரிந்ததும் எங்கள் தோட்டத்தில் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். காதல் தோல்வி என்றார்கள் சிலர். நீலாய் தொழிற்சாலையில் வேலை போய்விட்டது என்றார்கள் வேறு சிலர். ஏதோ நேர்த்திக்கடன் என்றும் ஒரு பேச்சு இருந்தது. அவளையே கேட்டுவிடலாம் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நான் கேட்டேன்.

"சும்மாதான்," என்றாள். எட்டு வயதில் எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. சுவா என்ற சிற்றூருக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசி வீடான எங்கள் வீட்டில்தான் இருந்தாள். விடிவதற்கு முன் கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் செம்மண் சாலையில் சைக்கிள் பழகுவாள். தோட்டத்து நாய்கள் எல்லாம் பின்னாலேயே துரத்தும். போகக் கூடாது என்று மாதக்கணக்கில் சண்டை போட்ட அம்மா, முடியாது என்று தெரிந்த பிறகு ஒன்று செய்தாள். வெள்ளை டேப்பில் தன் கைப்பேசி எண்ணைப் பெரிதாக எழுதி, சைக்கிள் கம்பியில் சுற்றி ஒட்டினாள். சின்னம்மா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை.

சைக்கிளோடு பஸ் ஏறிக் கோத்தா பாரு போய்ச் சேர்ந்தவள் முதல் இரண்டு நாளும் படங்களாக அனுப்பினாள். நெல் வயல், ஒரு பாலம், கருத்துப்போன அவள் முகம். அடுத்த நாள் ஜெலியைத் தாண்டிக் காட்டுச் சாலையில் ஏறினாள். அடுத்த ஊரான கிரிக் வரைக்கும் மலையும் காடும்தான். படம் நின்றுபோனது.

"அங்க லைன் கிடைக்காது லா, சும்மா இரு," என்றார் அப்பா. அவர் செம்பனைக்குலை லாரி ஓட்டுகிறவர், முன்பு அந்தப் பக்கம் மரம் ஏற்றப் போயிருக்கிறார். ஆனால் அவரும் அன்று மத்தியானத்திற்குப் பிறகு லாரியை எடுக்கவில்லை. யானை குறுக்கே வரும் சாலை அது என்று அதற்கு முன் எங்களிடம் சொல்லாதவர், அன்றைக்குத்தான் வாய் தவறிச் சொன்னார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெயில் தாழ்ந்த நேரம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. மலாய்க்காரர் ஒருவர், லாரி ஓட்டுநர். அம்மா பதறி எடுத்ததில் விரல் ஸ்பீக்கரில் பட்டு, அவர் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"பாசிக்கால் அடா, ஒராங் தாக் அடா."

சைக்கிள் இருக்கிறது, ஆள் இல்லை. சாலை ஓரத்தில் விழுந்து கிடந்ததாம். பக்கத்தில் ஆவி பறக்க யானைச் சாணமாம். கூப்பிட்டுப் பார்த்தும் பதில் இல்லையாம். சைக்கிளை லாரியில் ஏற்றிக்கொண்டு, லைன் கிடைக்கும் இடம் வந்ததும் டேப்பில் இருந்த எண்ணுக்கு அடித்திருக்கிறார். கிரிக்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விட்டுப்போவதாகச் சொன்னார்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் அந்த மனிதரிடம் மலாயில் கெஞ்ச ஆரம்பித்தாள். சைக்கிளைக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள், அவள் திரும்பி வந்து தேடுவாள், அது இல்லை என்றால் எங்கே போவாள் என்று.  இருட்டப் போகிறது அக்கா, இனிமேல் நான் அந்தப் பக்கம் போக முடியாது என்றார் அவர்.

அப்பா போலீசுக்குப் போன் அடித்தார். ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அப்பா மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்தார், வாசல் வரை போனார், திரும்பி வந்து ஆணியில் மாட்டினார். மறுபடி எடுத்தார். மோட்டாரில் கிரிக் போய்ச் சேர்வதற்குள் பொழுது விடிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

நான் சமையலறை மூலையில் அரிசி வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டுக்குப் பின்னால் செம்பனை மட்டை ஒன்று முறிந்து விழுந்தது. தினமும் கேட்கிற சத்தம்தான். அன்று அது நடந்து வந்தது. யானை எங்கள் வாசலுக்கே வந்துவிட்டது, சின்னம்மாவை முடித்துவிட்டு எங்களைத் தேடி வந்திருக்கிறது என்று நம்பினேன்.  உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

இருட்டிக்கொண்டு வரும்போது இன்னொரு எண்ணிலிருந்து அழைப்பு. இந்த முறை அம்மாவே ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நான்தான்."

வளைவில் திரும்பியபோது யானைகள் தாயும் குட்டியுமாக நின்றனவாம். சைக்கிளைப் போட்டுவிட்டு வந்த வழியே ஓடியிருக்கிறாள். கைப்பேசி விழுந்து நொறுங்கிவிட்டது. பின்னால் காய்கறி வண்டியில் வந்த ஒரு மலாய்த் தம்பதி அவளை இழுத்து உள்ளே போட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ச் சாலையை விட்டு உள்ளே ஒதுங்கியிருக்கிறார்கள். யானைகள் விலகட்டும் என்று வெகுநேரம் காத்திருந்து வந்து பார்த்தால் சைக்கிளைக் காணவில்லை. அவர்களோடு கிரிக் வந்து, அவர்கள் கைப்பேசியில் பேசுகிறாள்.

சைக்கிள் எந்தக் கடையில் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

"இவங்க காலைல திரும்பிப் போறாங்களாம்க்கா. சைக்கிள ஏத்திக்கிட்டு நானும் போறேன். விட்ட எடத்துலயே எறங்கி, அங்கேருந்து ஓட்டணும்."

அப்பா கைப்பேசியைப் பிடுங்கினார். "பைத்தியமா ஒனக்கு? தப்பிச்சது போதாதா? பஸ் ஏறி வீடு வந்து சேரு!"

அம்மா அதை அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்தாள்.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள்.

சின்னம்மா என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை.

"எனக்கும்தான்," என்றாள் அம்மா. "போ. பகல்லயே தாண்டிரு."

சின்னம்மா தாண்டினாள். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் யாருடைய கைப்பேசியிலிருந்தோ, கிரிக் வந்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு மேற்குக் கரையோரமாகவே இறங்கி, பக்கத்து ஊரான லுக்குட் வழியாக ஒரு மாலையில் தோட்டத்துக்குள் நுழைந்தாள். காதல் தோல்வி என்றவர்களும் நேர்த்திக்கடன் என்றவர்களும் வாசலில் நின்று கை தட்டினார்கள். யானையைக் கண்டு ஓடியதில் பட்ட முழங்கால் காயத்தைத் தொட்டுப் பார்க்க எனக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

ஆனால் சின்னம்மா காட்டைத் தாண்டிய அந்த மறுநாள், செய்தி வரும்வரை, நான் அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை. யானையிடமிருந்து தப்பி வந்தவளை யானையிடமே திருப்பி அனுப்பியவள் அவள். சொந்தத் தங்கைமேல் அவளுக்குப் பாசமே இல்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அன்றைக்கு அவள் மீன் கறியில் இரண்டு முறை உப்பைப் போட்டாள். தன் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். சமைக்கக்கூட மனசு இல்லாதவள் என்று அதையும் அவள் குற்றங்களில் சேர்த்துக்கொண்டேன்.