மூன்றாம் கட்டத்தில் விழுந்தவன்

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘ஸ்கேல் அக்கா’. கணக்கு டீச்சர் வேலையை விட்டுவிட்டு புரோகிராம் எழுத வந்தவர். ஜப்பானில் காசு போட்டு ஆடும் ஒரு பிரபல விளையாட்டை வீட்டுக் கணினியில் ஆடும்படி கேசட்டில் கொண்டுவருவது அவர் வேலை. ஒரு பொம்மை ஆள் பலகைக்குப் பலகை தாவி, ஏணி ஏறித் தப்பிக்கும் விளையாட்டு.

லைசென்ஸ் வாங்கியாகிவிட்டது என்று முதலாளி பீற்றிக்கொண்டார். வந்தது முத்திரை குத்திய இரண்டு தாளும் ஆள் உயர இயந்திரம் ஒன்றும்தான். மூல புரோகிராம் ஒரு வரிகூடக் கிடையாது. அக்கா திரைமேல் கண்ணாடித் தாளை ஒட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் வரைந்து, ஸ்கேலால் அளந்து எழுதினார். திரை நடுவில் புடைத்திருந்ததை மட்டும் மறந்துபோனார். ஓரத்தில் அளவு பிசகியது. மூன்றாம் கட்டத்தில் வலது ஓரப் பலகை எட்டாமல், தாவியவன் ஒவ்வொரு முறையும் விழுந்தான்.

துண்டு துண்டாக எழுதியதை அவர் முதன்முதலாக ஒன்றுசேர்த்து ஒரு கேசட்டில் பதிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மதியம், வியாபாரிகளுக்குக் காட்ட முதலாளி அந்தக் கேசட்டை எடுத்துப்போனார். பிற்பகலிலேயே பிழையைக் கண்டுபிடித்து அக்கா திருத்திவிட்டார்.

அடுத்த வாரம், வெளியாகும் முன்பே, கடைத்தெருவில் கள்ளக் கேசட் விற்றது.

முதலாளி எல்லோரையும் கூட்டினார். “தினமும் கேசட்டை வீட்டுக்குக் கொண்டுபோறது யாரு? இவங்க. புருஷன் ரேடியோ ரிப்பேர் கடை எங்க இருக்கு? அதே தெருவுல. இதுக்கு மேல என்ன வேணும்?”

“ஆதாரம் வேணும் சார்,” என்றார் அக்கா.

“சாயங்காலத் தபால்ல ஜப்பான் கம்பெனிக்கு லெட்டர் போகுது. உங்க பேரோட.”

அந்தக் கடிதம் போனால் இந்த வேலை மட்டுமல்ல, இந்தத் தொழிலில் எந்த வேலையும் கிடையாது. வீட்டிலும் உட்கார்ந்து எழுதச் சொன்னதே இந்த முதலாளிதான். சும்மா வேலை வாங்கும்போது நம்பிக்கை. களவு போனால் சந்தேகம். அந்தச் சந்தேகம் ஒருபோதும் மாடி ஏறுவதில்லை, கீழேதான் இறங்குகிறது.

அக்கா நேரே கணவரின் கடைக்குப் போனார்.

“என்ன இந்நேரத்துல? சீட்டைக் கிழிச்சுட்டாங்களா?”

“இன்னும் இல்ல. உண்மையைச் சொல்லுங்க, என் பையிலேருந்து கேசட் எதையாவது எடுத்தீங்களா?”

“நானா? அந்தக் குதிக்கிற பொம்மையைப் பார்த்தாலே எனக்குத் தலை சுத்துது!”

“சிரிக்காதீங்க. எதிர்க் கடையில அந்தக் கேசட் ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

“இப்ப நான் திருடனா, எடுபிடியா?”

“அதைப் போட்டுப் பார்த்தாதான் தெரியும்.”

அலுவலகத்துக்குத் திரும்பி, எல்லோர் முன்னும் அக்கா அந்தக் கேசட்டைப் போட்டார். விளையாட்டு கணினியில் ஏறும்வரை ஐந்து நிமிடம் அது கீச்சிட்டது. பெட்டிக்கு அட்டைப்படம் வரைபவர் ஆடினார். மூன்றாம் கட்டம். தாவினான், விழுந்தான். மறுபடியும் விழுந்தான்.

“என்னக்கா, அன்னிக்கு சாயங்காலம் நான் ஆடினப்போ ஜம்முனு தாண்டினானே?” என்றார் அட்டைப்படக்காரர்.

“அது திருத்தினது. இந்தப் பிழையோட முழு விளையாட்டு இருந்தது ஒரே ஒரு கேசட்லதான்.” அக்கா முதலாளியைப் பார்த்தார். “அதை எடுத்துட்டுப் போனது நீங்க.”

முதலாளியின் முகம் தொங்கிப்போயிற்று. “மச்சான் ஒரு நாள் ஆடிட்டுத் தரேன்னான்...” என்று முனகினார். பிறகு நிமிர்ந்தார். “சரி, லெட்டர்ல ‘யாரோ ஒருத்தர்’னு மாத்திடறேன். போதுமா?”

“அந்த யாரோவுல நானும் இருக்கேனே சார். மச்சான் பேரை எழுதுங்க.”

“அது குடும்ப விஷயம்மா.”

“என் பேரை எழுதினப்போ எனக்கும் குடும்பம் இருக்குன்னு தோணலையா?”

டைப்பிஸ்ட் அம்மா கேட்காமலேயே பழைய தாளை உருவிவிட்டுப் புதுத் தாளைச் செருகினார். மச்சான் பெயர் கடைசிவரை அதில் ஏறவில்லை. ஆனால் “என் கவனக்குறைவால், என் கையிலிருந்தே போயிற்று” என்று முதலாளி தன் வாயாலேயே சொல்லி, கையெழுத்தும் போட்டார்.

அக்கா அதை வாங்கி இரண்டு முறை படித்தார். தானே மடித்து உறையில் போட்டார்.

“கொடும்மா, தபால்ல நான் சேர்த்துடறேன். என் மேல நம்பிக்கை இல்லையா?”

“இல்ல சார்,” என்றார் அக்கா, உறையை ஒட்டிக்கொண்டே. “நானே போய்ப் போட்டுட்டு வரேன்.”