அண்ணன் எண்ணெய் தேய்த்து வைத்த கார்புரேட்டர்

எங்கள் அண்ணன் திருவேங்கடத்தில் பிறந்தார். மழை பொய்த்து விவசாயம் கைவிட்டபோது குற்றாலம் வந்து, அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலில் இறங்கினார். அந்த உழைப்பில்தான் தங்கை என்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தார். இன்று தென்காசியில் மாணவர்களுக்கு வண்டி பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். அவருடைய பொறுமையையும் தயாள குணத்தையும் உறவினர்கள் இந்த நினைவு மலரில் எழுதியிருக்கிறார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கமாட்டார். அதையும் யாராவது எழுத வேண்டும்.

அண்ணனுக்கு எல்லாவற்றுக்கும் எண்ணெய்தான் மருந்து. கதவு கிறீச்சிட்டாலும், மதினிக்கு முழங்கால் வலித்தாலும், ரேடியோ கரகரத்தாலும் அதே மூலிகை எண்ணெய்தான்.

அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் நின்றுபோனபோது, கார்புரேட்டரைப் பிரித்துப் புது ஊசி, புது வாஷர் எல்லாம் போட்டுக் கட்டிக்கொடுத்தேன். "உடனே மாட்டிருங்கண்ணே. இல்லன்னா காஞ்ச துணியில சுத்தி வைங்க. வேற ஒண்ணும் செஞ்சிராதிய" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"அடுத்த சாரலுக்கு மாட்டிக்கிடுதேன். ஒன் மைனிய ஐந்தருவிக்கு அதுலதான் கூட்டிட்டுப் போவேன்" என்றார்.

எத்தனையோ சாரல் காலம் வந்து போயிற்று. அவர் மாட்டவேயில்லை. போன ஆண்டு நெஞ்சுவலி வந்து அவரும் போய்விட்டார்.

வருடத் திதி நெருங்கியபோது மதினி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏட்டி, அந்த வண்டிச் சத்தத்த ஒரு தடவ கேக்கணும் போல இருக்கு."

பரணிலிருந்த பொட்டலத்தைப் பிரித்தேன். வந்ததே கோபம்! துருப் பிடிக்கக்கூடாதென்று கார்புரேட்டருக்கு உள்ளும் புறமும் மூலிகை எண்ணெய் தேய்த்து வைத்திருக்கிறார். அது பிசினாகக் காய்ந்து, ஊசி அசையவில்லை. மிதவை கிண்ணத்தோடு ஒட்டிக் கிடந்தது. பெட்ரோல் போகும் சிறு துளைகளெல்லாம் அடைப்பு. ஊறப்போட்டு, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மறுபடியும் அடைப்பு.

"மனுசன் செய்யுத வேலையாண்ணே இது? இது என்ன அருவிக்குக் குளிக்க வந்த ஆளா, எண்ணெய் தேய்க்க? என்னைக்காவது ஒரு சொல்லு கேட்டியளா?" வாய்விட்டு ஏசிக்கொண்டே தேய்த்தேன். மதினி பக்கத்தில் இருப்பதே மறந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால், கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"மன்னிச்சிருங்க மைனி."

"நிறுத்தாதட்டி. ஒரு வருசமா எல்லாரும் அவுகள தெய்வம், தெய்வம்னே சொல்லுதாவ. நீ ஏசும்போதுதான் அவுக வீட்டுல இருக்குத மாதிரி இருக்கு."

பிறகு தாராளமாகவே ஏசினேன். சுத்தம் செய்து மாட்டி, புது பிளக் போட்டு, பெட்ரோலைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். ஒழுகவில்லை. ஓங்கி உதைத்ததும் வண்டி உறுமியது. மதினி என் பின்னால் ஏறிக்கொண்டார். ஐந்தருவி வரை போய்வந்தோம்.

அண்ணனின் இறுதி நாளில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், கடையை அடைத்துவிட்டு ஓடிவந்த தொழில் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இம்மலரைக் கையில் வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மதினியிடம் அண்ணனைப் புகழ வேண்டாம். அண்ணன் உங்களை எப்படியெல்லாம் படுத்தினார் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.