ஒரே பில்லில் ஒன்பது பாட்டில்

என் தம்பி கமலக்கண்ணன் அதுவரை மது என்று எதையும் வாயில் வைத்ததில்லை. இருமல் மருந்தில் போதை இருக்கிறது என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அதையும் விட்டுவிட்டு மிளகுக் கஷாயம்தான் குடிப்பான். அப்படிப்பட்டவன் 2007 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, விஸ்கில எது நல்லதுன்னு உனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுவாங்களா?"

"ஏண்டா, எனக்கு அந்தச் சகவாசம் எங்க இருக்குது? வெங்காயத்துல எது நல்லதுன்னு கேளு, சொல்றன்."

அவன் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் பெரியது என்று எனக்குப் புரிந்தது.

எங்களுக்குச் சொந்த ஊர் அரூர் பக்கம். நான் பத்தாம் வகுப்பு முடித்து, பத்தொன்பது வயதில் ஓசூருக்கு வேலைக்கு வந்தவள். பல்சக்கரம் செய்யும் ஆலையில் கடைசிப் பரிசோதனை என் வேலை. கணவர் இறந்த பிறகு நானும் தம்பியும் பாகலூர் ரோட்டில் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். அவன் டிப்ளமோ படித்து, அலுமினியத்தை உருக்கி அச்சில் வார்க்கும் வேறொரு ஆலையில் ஷிப்ட் இன்ஜினியராக இருந்தான். தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, நூறு உருப்படி வார்த்தால் ஏழு வீணாகிக்கொண்டிருந்த ஒரு அச்சை, மூன்று மாதம் பக்கத்திலேயே நின்று கவனித்து, வீணாவதை இரண்டாகக் குறைத்தவன் அவன். பொங்கல் அன்றுகூட அரை நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

அந்த வருடம் அவர்கள் ஆலையில் இருந்து இரண்டு பேரை ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பப் போவதாக அறிவித்திருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் கிளம்ப வேண்டும். தகுதியானவர்கள் ஐந்து பேர். போய்த் திரும்புகிறவர்களுக்கு மேலாளர் பதவி வரும் என்று பேச்சு. தம்பி முந்திக்கொண்டு பாஸ்போர்ட்டுக்கும் எழுதிப் போட்டிருந்தான். எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் ரயிலில்கூட மதராஸைத் தாண்டியதில்லை.

இரண்டு பேர் யார் என்று முடிவு செய்வது ஆலை மேனேஜர் ஜெகதீஷ். அவர் சனிக்கிழமைகளில் தனக்குக் கீழே உள்ளவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போவார். மற்ற நான்கு பேர் வீட்டிலும் கண்ணாடி அலமாரியில் பாட்டில் வரிசை இருந்தது. ஆலையில் பேச முடியாததை அந்த அலமாரிக்கு முன்னால் பேசுகிறார்கள் என்று தம்பி நினைத்தான். ஒரு நாள் துணிந்து அவரைக் கூப்பிட்டும் விட்டான்.

"வரேம்பா. ஆனா கமலக்கண்ணன் ஊட்டுல மோர் குடுத்து அனுப்பிடுவாங்களே!" என்று அவர் சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்புதான் தம்பியை என் எதிரில் கொண்டுவந்து உட்கார வைத்தது.

"என்னால மூவாயிரம் போட முடியும்க்கா. பாத்தா கேவலமாவும் இருக்கக் கூடாது, பகட்டாவும் இருக்கக் கூடாது."

எனக்குத் தெரியாத பொருள் என்றால் விசாரித்து, எழுதி வைத்துத்தான் வாங்குவேன். அது தொழில் பழக்கம். எங்கள் பிரிவில் பாகலூரில் இருந்து வரும் கெம்பம்மாவின் வீட்டுக்காரர் தினமும் குடிப்பவர். சாப்பாட்டு நேரத்தில் மெதுவாகக் கேட்டேன்.

"உங்க வீட்டுக்காரரு எந்த பிராண்டு கெம்பம்மா?"

"பிராண்டா? பிடக்கா, அதை விடு! அவரு எதைக் குடிச்சாலும் ஒரே மாதிரிதான் உழுவாரு. உழுவுற எடந்தான் வேற."

சிரித்து முடித்த பிறகு அவளே இரண்டு நாளில் விவரம் சேகரித்து வந்தாள். விலை குறைந்த விஸ்கியில் நான்கு வகை வைப்பதைவிட நடுத்தரத்தில் ஒன்றையே மூன்று பாட்டில் வைத்தால் வருகிறவர் மதிப்பார். ரம் விலை குறைவு, ஆனால் நல்லதும் குறைந்த விலையிலேயே கிடைக்கும். வோட்காவில் பாட்டிலின் அழகுக்குத்தான் பாதி விலை. பிராந்தி ஒன்று, பெண்கள் வந்தால் ஒயின் ஒன்று. அவள் கணவர் சொன்ன இந்த ஞானத்தை எல்லாம் நான் சுத்தமாகப் பிரதி எடுத்தேன். ஜெகதீஷ் விரும்பிக் குடிப்பது 'ராயல் ஹெரான்' என்ற விஸ்கி என்று தம்பி கண்டுபிடித்தான். அது நம் பக்கம் விற்பனைக்கு வருவதில்லை. கர்நாடக எல்லையில், பஸ்ஸில் அரை மணி நேரத்தில் இருக்கும் அத்திப்பள்ளியில் கிடைக்கும்.

"அப்ப எல்லாத்தையும் அங்கியே வாங்கிடலாம்" என்று சொன்னது நான்தான். அவன் சொல்லவில்லை.

பிப்ரவரி முதல் சனிக்கிழமை மதியம் போனோம். ஓசூரில் என்றால் அந்தக் கடை வாசலில்கூட நான் நின்றிருக்க மாட்டேன். அங்கே எங்களை யாருக்கும் தெரியாது. தம்பி கூச்சத்தில் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் ஒவ்வொரு பாட்டிலாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தலைகீழாகக் கவிழ்த்துத் தூசு மிதக்கிறதா என்று பார்த்தேன். மூடியின் வளையம் அறுபட்டிருக்கிறதா, எல்லாவற்றிலும் ஒரே மட்டம் வரை நிரம்பியிருக்கிறதா என்றும் பார்த்தேன். மூன்று விஸ்கியில் ஒன்றின் தயாரிப்பு எண் மாறியிருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்து, ஒரே எண்ணில் மூன்று கேட்டேன்.

கடைக்காரர் தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார். "ஏம்மா, நீங்க எக்சைஸ் ஆபீசரா? இருபது வருசமா கடை வெச்சிருக்கேன், சாராயத்தைப் பொண்ணு பாக்குற மாதிரி பாத்தது நீங்கதான்."

லேபிளில் கர்நாடகத்தில் மட்டும் விற்பனைக்கு என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டிருந்தது. நான் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். போலிச் சரக்கில் இப்படி ஒழுங்காக அச்சிட்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

"ஓசூர்க்காரங்க ஒண்ணு ரெண்டாத்தான் எடுத்துட்டுப் போவாங்கம்மா" என்றார் அவர். "மிச்சத்தை அப்புறமா வந்து வாங்கிக்குங்க."

"அப்புறம் வந்தா இதே எண் கெடைக்குமா?"

"அது எப்டிம்மா கெடைக்கும்?"

"அப்ப எல்லாத்தையும் குடுங்க. பில்லும் போடுங்க."

"பில்லா?" என்று அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குப் பில் இருந்தால் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்பதுதான் என் அறிவு. ஒன்பது பாட்டிலுக்கும் ஒரே பில் வாங்கி, நான்காக மடித்து என் பர்சில் வைத்தேன்.

பஸ்ஸில் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். பாட்டில்களுக்கு நடுவே பழைய துண்டுகளைச் சுற்றி வைத்திருந்ததால் சத்தமே வரவில்லை. தம்பி பின்னால் நின்றிருந்தான். ஜூஜூவாடி எல்லைச் சாவடியில் சோதனைக்காக வண்டியை நிறுத்தினார்கள். பெண்கள் மடியில் இருப்பதைப் பார்க்க மாட்டார்கள் என்று பஸ்ஸில் எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு ஒரு பெண் காவலர் ஏறினார்.

"என்னம்மா பையில?"

"வீட்டுச் சாமானுங்க" என்றேன். என் குரலே என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

அவர் பையைத் திறந்தார். துண்டை விலக்கினார். "அடேங்கப்பா! கல்யாணமா?" என்றார். பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். நான் பர்சில் இருந்து பில்லை எடுத்து நீட்டினேன். அதை அவர் வாங்கிப் படித்துவிட்டு, கீழே நின்ற அதிகாரியிடம், "சார், எந்தக் கடைல எத்தனை மணிக்கு வாங்குனதுன்னு வரைக்கும் எழுதியே கொண்டாந்துட்டாங்க" என்றார்.

தம்பி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான்.

"பை என்னுது மேடம். அக்காகிட்ட பில்லையும் மடிச்சுக் குடுத்து வெச்சுக்கச் சொன்னன். உள்ள என்ன இருக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாது."

நான் வாயைத் திறந்தேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். அந்த நேரத்தில் என் கண்ணுக்குள் எங்கள் ஆலை வாசல் வந்து நின்றது. சாராயக் கேசில் மாட்டிய பெண்ணை அங்கே உள்ளே விடுவார்களா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் அவனைக் கீழே இறக்கிவிட்டார்கள். அவன் அழுத்தியதால்தான் பேசாமல் இருந்தேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை.

அன்று மாலையே ஜாமீனில் விட்டார்கள். மற்ற மாநில மதுவை அளவுக்கு மேல் கொண்டுவந்ததாக வழக்கு. அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஜெகதீஷ் சொன்னபடி வந்தார். ஓசூர்க் கடையில் வாங்கிய ஒரே ஒரு பாட்டிலை மேசை மேல் வைத்திருந்தோம். அதில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, என் கோழிக் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது தம்பி தயங்கித் தயங்கி, "சார், அந்த ஜப்பான் விஷயம்…" என்றான்.

"உன் பேரைத்தான் மொத பேரா டிசம்பர்லயே எழுதிக் குடுத்துட்டனே. ஏழு பர்சென்ட்டை ரெண்டாக்குனவன் நீ. ஒன்னை உட்டுட்டு வேற யாரை அனுப்புவன்? ஆர்டர் வர்ற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தன்."

தம்பி துண்டை நீட்டியபடியே நின்றான். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "பாஸ்போர்ட்டு எப்பப்பா வரும்?" என்று கேட்டார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

மார்ச்சில் பாஸ்போர்ட் விசாரணைக்குக் காவலர் வந்தார். வழக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். தம்பி மறைக்கவில்லை. அவர் பாவம், பேனாவை மூடி வைத்துவிட்டு, "கேஸ் முடிஞ்சாத்தான் தம்பி நல்லபடியா எழுத முடியும். வழக்கு நடக்குதுன்னுதான் நான் எழுதணும்" என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, தம்பிக்குத் தெரியாமல் வழக்கு இருந்த காவல் நிலையத்துக்குப் போனேன். அங்கே எழுத்தராக இருந்தவர் வயதானவர். பை என்னுடையது, கடையில் நின்று வாங்கியது நான், பில்லும் நான் கேட்டு வாங்கியது என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

"ஏம்மா, இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"பயந்துட்டன் சார்."

"இப்பச் சொன்னா அவன் பேரை எடுக்க மாட்டாங்க. உன் பேரையும் சேப்பாங்க. அவன் பொய்யா வாக்குமூலம் குடுத்தான்னும் ஆகும். ஊட்டுக்குப் போம்மா."

வீட்டுக்கு வந்தேன். அவரே தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டின்போது அவன், "இனிமே அங்க போவாதக்கா" என்றான். ரசம் கேட்டான். ஊற்றினேன்.

ஏப்ரல் கடைசியில் வேறு இரண்டு பேர் கிளம்பினார்கள். அவர்களுக்கு மாலை போட்டு வழியனுப்ப ஆலையில் எல்லாரும் வாசலுக்கு வந்தார்களாம். தம்பி அன்றைக்கு முதல் ஷிப்ட். அச்சு மாற்றும் வேலை இருந்ததால் வாசலுக்குப் போக முடியவில்லை என்று சொன்னான். எந்த அச்சு என்று கேட்டேன். அதே ஏழு சதவீத அச்சு. அதைச் சீக்கிரம் மாற்றுவதற்கு அவன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான். அந்த வழியைத்தான் ஜப்பானில் இருந்து திரும்பியவர்கள் அடுத்த வருடம் அவனுக்கே வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

ஜூலையில் நீதிமன்றத்தில் அபராதம் கட்டி வழக்கு முடிந்தது. அடுத்த வருடம் நிச்சயம் அனுப்புகிறேன் என்று ஜெகதீஷ் சொல்லியிருந்தார். சொன்னபடி செய்கிற மனிதர்தான். ஆனால் அடுத்த வருடம் ஏப்ரலிலும் பாஸ்போர்ட் வந்து சேரவில்லை. அந்த வருடக் கடைசியில் வண்டி விற்பனை படுத்துவிட்டது. ஆலைகளில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை என்று ஆனது. பயிற்சியையே நிறுத்திவிட்டார்கள். ஜெகதீஷும் வேலை மாறி வடக்கே போய்விட்டார்.

தம்பியின் பாஸ்போர்ட் 2009 தொடக்கத்தில் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு நான்தான் வாங்கினேன். அவன் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ஊர் எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. அவன் வேலை முடிந்து வந்ததும் கையில் கொடுத்தேன். நின்றபடியே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். ஒன்றும் எழுதாத பக்கங்கள்தான். ஆனாலும் கடைசிப் பக்கம் வரை புரட்டினான்.

"அன்னிக்கு பஸ்ல நான் பேசியிருக்கணும்டா" என்றேன். இரண்டு வருடம் கழித்து அப்போதுதான் சொன்னேன்.

"பேசியிருந்தா உன் வேலை போயிருக்கும்க்கா. வாடகை யாரு குடுக்கறது?"

"நீ ஜப்பான்ல இருந்து அனுப்பியிருப்ப."

அவன் பாஸ்போர்ட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கைகால் கழுவப் போனான்.